காட்டுத் தாயின் இரண்டு உடுப்புகள்

பகடை உருட்டி ஆடும் ஒரு கற்பனை உலகத்தில் மியெலிக்கி என்றொரு தெய்வம் உண்டு. காடும் அதன் உயிர்களும் அவள் பொறுப்பு. தங்கக் கொம்புள்ள ஒற்றைக்கொம்புக் குதிரையின் தலைதான் அவள் சின்னம். வனக்காவலர்களும் மரத்தில் குடியிருக்கும் தேவதைகளும் அவளுடைய பக்தர்கள். அவள் நல்லவள், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. விதிப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேராகவே அப்படித்தான் போட்டிருக்கிறது.

1974-இல் அமெரிக்காவில் பிறந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தின் உலகங்களில் இதுவும் ஒன்று. கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறுவயது முதல் கற்பனையில் கட்டிவந்த இந்த உலகம், 1987-இல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆனால் மியெலிக்கி அவர் பெற்ற பிள்ளை அல்ல. பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவள்.

அங்கே அவளுக்கு ஒரு காவியத்தில் இடம் இருக்கிறது. எலியாஸ் லொன்ரோட் என்ற மருத்துவர் ஊர் ஊராக நடந்து, கிராமத்துப் பாடகர்களிடம் கேட்டு எழுதிய பாடல்களைத் தொகுத்து 1835-இல் வெளியிட்ட 'கலேவலா' அது. 1849-இல் 50 பாடல்களாக விரிந்தது. ஆர். சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 1994-இல் தமிழுக்கும் வந்துவிட்டது.

காவியத்தில் வரும் மியெலிக்கி அத்தனை எளிதில் பிடிபடமாட்டாள். லெம்மின்கைனன் என்ற வேட்டைக்காரன் எல்க் மானைத் துரத்திப் போகும்போது, காட்டின் தலைவியை இரண்டு கோலங்களில் பார்த்த கதையைச் சொல்கிறான். வேட்டை கிடைக்காத நாளில் அவள் உடம்பில் அழுக்குத் துணி. கிடைக்கும் நாளில் தங்க வளையல், தங்க நகை. அவன் வெறுங்கையோடும் வேண்டுவதில்லை. பொன்னும் வெள்ளியும் தருகிறேன், பதிலுக்கு உன் களஞ்சியத்தைத் திற என்று பேரம் பேசுகிறான்.

கரடியை வளர்த்தவளும் அவள்தான். முதலில் அதற்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. தீங்கு செய்யமாட்டேன் என்று தன் மடியில் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகே அவற்றைக் கொடுக்கிறாள். ஆனாலும் மாடுகளை மேய்ச்சலுக்கு அனுப்பும் வீட்டுக்காரி, இன்னொரு பாடலில், கரடி நெருங்காமல் பார்த்துக்கொள்ளும்படி இதே மியெலிக்கியிடம் கெஞ்சுகிறாள். சத்தியத்தை முழுசாக நம்பிவிட அவளால் முடியவில்லை. மாடு போனால் பிழைப்பு போய்விடும்.

ஆட்டத்துக்குள் வந்தபோது அழுக்குத் துணி காணாமல் போயிற்று. அதில் ஆச்சரியமில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு மான் கிடைக்காவிட்டாலும் ராத்திரிச் சாப்பாடு உண்டு. அவர்களுக்கு வேண்டியது காட்டின் பக்கம் நிற்கும் ஒரு நல்ல தெய்வம். அந்த ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. காடு அழிவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை அது.

ஆனால் பழைய பாடகர்களுக்குத் தெரிந்த ஒன்று விதிப் புத்தகத்தில் விட்டுப்போயிற்று. காடு கொடுப்பது தானம் அல்ல; எடுக்கிறவன் கேட்டு எடுக்க வேண்டும், ஏதாவது திருப்பித் தரவும் வேண்டும். தந்த பிறகும் அவள் இல்லை என்று சொல்லலாம். அந்த 'இல்லை'க்குப் பயந்தவர்கள்தான் காட்டுக்குள் நுழையும் முன் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்.