பார்க்கிங் வசதி உண்டு

தவளக்குப்பம், 2025 தை மாதம், வியாழன் இரவு

கல்யாணப் பத்திரிகையை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை வரவேற்பு. ஞாயிறு காலை 4.30க்கு மேல் 6க்குள் முகூர்த்தம். இடம் சென்னை, வடபழனி. மண்டபத்தின் பெயருக்குக் கீழே பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கின்றன. கூடவே கொட்டை எழுத்தில் 'ஏசி, பார்க்கிங் வசதி உண்டு'. எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் காரில்தான் வருவார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல. பின்பக்கம் முழுக்க 'தங்கள் நல்வரவை விரும்பும்' பெரியப்பாக்கள், தாய்மாமன்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள்.

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அத்தையும்தான் போகிறோம். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டிவலி வேறு. ஆனால் தன் தம்பி பேரன் கல்யாணத்துக்கு வராமல் இருக்கமாட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கல்யாண வீட்டிலிருந்து ஒரு பையன் இவருக்கு போன் போட்டான். "மாமா, பாண்டியிலேர்ந்து வர்றவங்ககிட்ட ரெண்டு பாட்டில்..." என்று இழுத்தான். "பாட்டில் இல்லடா, பாட்டிதான் வருது" என்று சொல்லி இவர் வைத்துவிட்டார். பாண்டிச்சேரிக்காரர் எவரும் வெளியூர் கல்யாணத்துக்கு இந்த போன் வராமல் கிளம்பியதில்லை.

சனி, பஸ்ஸில்

கடலூரிலிருந்து வரும் சென்னை வண்டிகள் எங்கள் சந்திப்பைத் தாண்டித்தான் போகின்றன. முகூர்த்த நாளில் எதுவும் நிற்காது. அதனால் தனியார் பஸ்ஸில் ஏறி, பாட்டுச் சத்தத்தில் காது அடைத்து, அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் வழியாக டவுனுக்கு வந்தோம். பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததால் 2024 ஜூனிலிருந்து எல்லா வண்டியும் கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் திடலிலிருந்துதான் கிளம்பிக்கொண்டிருந்தது. தெற்கேயிருந்து வரும் எங்களுக்கு இது ஒரு விதத்தில் சௌகரியம், டவுனுக்குள் போய் நெரிபட வேண்டியதில்லை. மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் வேர்க்கடலைக்காரரும் வெள்ளரிப்பிஞ்சுக்காரியும்.

சென்னைக்கு இரண்டு வழி. திண்டிவனம் பைபாஸ் வண்டி ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு நின்றுவிடும். ஈ.சி.ஆர். வண்டி மரக்காணம், மாமல்லபுரம், திருவான்மியூர் வழியாக ஊருக்குள் நுழைந்து கோயம்பேடு வரை போகும். போகிற வழியில் வடபழனி. அதனால் பைபாஸ் வண்டி காலியாக நின்றும் ஏறவில்லை, ஈ.சி.ஆர். வண்டிக்காகக் காத்திருந்தோம். அத்தைக்குப் பொறுமை இல்லை. "எல்லாம் மெட்ராசுதானே?" என்றார். அங்கேதான் விஷயமே இருக்கிறது. மெட்ராஸ் என்பது ஒரு நிறுத்தம் இல்லை.

சிவாஜி சிலை தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் காலாப்பட்டு, திரும்பவும் புதுச்சேரி. அதையும் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் காலத்துத் துண்டு துண்டான எல்லை. 1949இல் சுங்க ஒப்பந்தம் முறிந்து, 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைக்கும் வரை, கல்யாணத்துக்குப் போகிறவர்களின் புடவை மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்களாம். அத்தையின் அம்மா சொன்ன கதை. அப்போது பட்டுக்கும் தங்கத்துக்கும் சோதனை. இப்போது சரக்குக்கு.

மரக்காணத்துக்கு முன்னால் அனிச்சங்குப்பம் சோதனைச்சாவடியில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். பின்சீட்டுப் பையன்களின் பைகளை முதலில் பார்த்தார்கள். பிறகு ஒருவர் எங்கள் கட்டைப்பையைத் தொட்டார். தினத்தந்தித் தாளில் சுற்றி, சணல் கட்டி, நீட்டமாக ஒன்று. தூக்கிப் பார்த்தார், கனம். "என்னம்மா இது?" அத்தை எதுவும் பேசாமல் சணலை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகிவிட்டது. போலீஸ்காரர் "சரிம்மா, விடுங்க" என்றார். அத்தை விடவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, தாளைப் பிரித்து, குத்துவிளக்கின் அன்னத்தை வெளியே எடுத்துக் காட்டினார். "ஜோடியா இருக்கு. இன்னொண்ணு அவ பையில" என்று என்னையும் மாட்டிவிட்டார். பஸ்ஸே சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். அடுத்த அரை மணி நேரம் நாங்கள் அந்த விளக்கைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

சனி இரவு, லாட்ஜ்

நூற்றைம்பது கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லாமல் வந்தாயிற்று. உட்கார இடம், டிக்கெட்டில் அச்சடித்த காசு, தெரிந்த நேரம். வடபழனியில் இறங்கிய பிறகு மிச்சம் இருந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் பயணம்.

ஆற்காடு சாலையை இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகத் தோண்டி, பச்சை நீலத் தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள். எதிரே தெரிகிற தெருவுக்குப் போக எங்கேயோ சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஆட்டோக்காரர் 150 என்றார். மீட்டர் போட்டால் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அது 2013இல் அரசு வைத்த கணக்கு. அதன் பிறகு பெட்ரோல் எங்கே போய்விட்டது என்று அவர் கேட்டால் நமக்கும் பதில் இல்லை. பாண்டியில் மட்டும் என்ன வாழ்கிறது? அங்கேயும் ஆட்டோவுக்கு மீட்டர் பார்த்ததில்லை. ஆனால் டவுனுக்குள் டெம்போ ஓடுகிறது, கையைக் காட்டி ஏறினால் சில்லறையில் காரியம் முடிந்துவிடும். "ஆயா, ஒன் வே ஆக்கிட்டானுங்க, சுத்திக்கினுதான் போவணும்" என்றார் ஆட்டோக்காரர். ஆயா நூறுக்கு முடித்தார்.

வரவேற்பில் பண்ருட்டி மாமா பந்தியில் உட்கார்ந்ததிலிருந்து கிளாம்பாக்கத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார். 88 ஏக்கராம், பளபளவென்று இருக்கிறதாம், "ஆனா அங்க எனக்கு யாரையும் தெரியாதே!" 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து இந்த மாதிரிக் கல்யாணங்களில் இதுதான் முதல் பேச்சு. 2002இல் கோயம்பேடு திறந்தபோதும் பாரிமுனையை விட்டுவிட்டு இவ்வளவு தூரமா என்று இதே மாமா புலம்பியிருப்பார். பஸ் நிலையம் தள்ளிப்போகும்போதெல்லாம் பட்டணத்துக்காரனுக்கு நெரிசல் குறைகிறது, வெளியூர்க்காரனுக்கு இன்னொரு வண்டி கூடுகிறது. மூட்டையோடு, இருட்டில், தெரியாத நம்பர் பஸ்ஸில்.

மாமா கிளாம்பாக்கத்திலிருந்து மாநகரப் பேருந்தில் ஏறி, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நின்று நின்று வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் ஒருத்தி, மணப்பெண்ணின் தோழி, பாயசத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "தாம்பரத்துக்கு பஸ்ஸு அங்கிள். அங்கேர்ந்து எலெக்ட்ரிக் ட்ரெயின், பரங்கிமலையில எறங்கி மெட்ரோ. ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், அடுத்தது வடபழனி." மாமா விரல்விட்டு எண்ணிக்கொண்டார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பத்திரிகையில் அச்சடித்திருக்க வேண்டும்.

ஞாயிறு

மூன்று மணிக்கு எழுந்து குளித்து, நாலு மணிக்குத் தெருவில் நின்றோம். முதல் மெட்ரோ ஐந்து மணிக்கு. ஆட்டோவுக்கு இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு என்பது சட்டப்படியே இருக்கிறது. பிரம்ம முகூர்த்தம் நல்ல நேரமாக இருக்கலாம், ஆட்டோக் கணக்கில் அது ராத்திரி. நடந்தே போனோம். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதே தெருவில் இரண்டு மண்டபங்கள், இரண்டிலும் கல்யாணம், இரண்டிலும் வாழைமரம். முதல் மண்டபத்து வாசலில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மொய்க் கவரைக் கையில் வைத்துக்கொண்டு பூப்பலகையில் இருந்த மாப்பிள்ளை பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். திருவண்ணாமலைப் பக்கமாம். அவருடைய மாப்பிள்ளை எங்கள் மாப்பிள்ளைதான். கையோடு கூட்டிக்கொண்டு போனோம். முன்வரிசையில் அட்சதையோடு உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்தான். காரில் வரும் உள்ளூர்க்காரர்கள் ஏழு மணிக்கு இட்லிக்கு வந்து சேர்ந்தார்கள்.

மதியம் அத்தை தி.நகர் பார்க்க வேண்டும் என்றார். முகத்தில் இளஞ்சிவப்பு அடித்த, பெண்களுக்கு இலவச பஸ் வந்தது. "ஆதார் கேப்பாங்களா? நாம பாண்டி ஆச்சே?" என்று காதில் கேட்டார். கண்டக்டர் எதையும் கேட்காமல் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அத்தை அதை மடித்து சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்றரை கிலோமீட்டருக்கு நூறு, தி.நகர் வரை சைபர். அங்கே மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து போகும் ஆகாய நடைபாதையில் அரை கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ரங்கநாதன் தெருவை மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "எறங்க வேணாம்" என்றார். புத்திசாலி.

திரும்ப கோயம்பேட்டுக்கே போய் ஏறினோம். ஞாயிறு சாயங்காலம் கூட்டமெல்லாம் பாண்டியிலிருந்து சென்னைக்குத்தான். எங்கள் பக்கம் வண்டி காலி. சோதனைச்சாவடியில் யாரும் எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

செவ்வாய்

நாத்தனார் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மண்டபம் இங்கேயே, கடலூர் சாலையில். இவர் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீடு தாம்பரம் என்பதால் அந்தப் பக்கத்து ஜனம் வரும். 'பார்க்கிங் வசதி உண்டு' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "சென்னையிலிருந்து வருவோர் பாண்டியில் இறங்கி, கடலூர் தனியார் பஸ்ஸில் ஏறி, தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கவும்" என்று நான் சேர்த்தேன். இரவு பத்து மணிக்கு மேல் அழைக்க ஒரு ஆட்டோக்காரர் நம்பரும் வேண்டும் என்றேன். அச்சகத்துக்கு போன் போட்டால், இடம் இல்லை, எழுத்தைச் சின்னதாக்கினால் அழகு கெட்டுவிடும் என்கிறார்கள்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். "வில்லியனூர்க்காரங்க பேர எடுத்துடு. அவங்க எப்படியும் கோவத்துலதான் இருக்காங்க."