நடுங்கும் ஸ்டீயரிங்கிடம் கேட்க வேண்டிய கேள்வி



"சார், எண்பதைத் தாண்டினால் கார் ஸ்டீயரிங் நடுங்குகிறது. எதை மாற்றச் சொல்வது?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். எதை மாற்றுவது என்பது கடைசிக் கேள்வி. எப்போது நடுங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

பதினொன்றாம் வகுப்பில் நடத்திய வட்ட இயக்கம் நினைவிருக்கிறதா? சிறிய காரின் சக்கரம் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 3 கிலோ எடையின் விசையோடு சக்கரத்தை இழுக்கும். 50 கி.மீ. வேகத்தில் அதுவே முக்கால் கிலோதான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு! ஊருக்குள் சமர்த்தாக ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் ஆடுவது இதனால்தான்.

80-இல் தொடங்கி, 100-ஐ ஒட்டி அதிகமாகி, அதற்கு மேல் குறைந்தால் பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு. ரிம்மில் ஒட்டிய ஈய வெயிட் விழுந்திருக்கலாம், உள்ளே சேறு காய்ந்திருக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் முன் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட் மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரங்களைச் சந்தேகப்படலாம். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அது அலைன்மென்ட். பேலன்சிங் வேறு, அலைன்மென்ட் வேறு. ஒன்றைச் செய்தால் மற்றது சரியாகாது.

மூன்று மாதம் முன்பு என் தம்பி மகன் குடும்பத்தோடு மதுரையிலிருந்து திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தான். வரும் வழியில் துவரங்குறிச்சி தாண்டியதும் ஸ்டீயரிங் ஆட்டம். இங்கே ஒரு ஒர்க் ஷாப்பில் ஓட்டிப் பார்க்காமலே, "ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு, மாத்தணும். அவசரம்னா இன்னிக்கு ஓட்டிட்டுப் போங்க, ஊர்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

"எப்போதெல்லாம் ஆடுதுப்பா?" என்று கேட்டேன். "நாற்பதுலயே லேசா இருக்கு பெரியப்பா. வேகம் ஏற ஏற கூடுது, குறையவே இல்லை" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் பேலன்சிங் கோளாறு நாற்பதிலேயே தலைகாட்டுவது அபூர்வம். ரிம் வளைந்திருக்க வேண்டும், அல்லது டயரே உருமாறியிருக்க வேண்டும். உடனே டயர் கடைக்கு அழைத்துப் போனேன். சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றியதும் கடைத் தம்பி நிறுத்திக் காட்டினார். டயரின் உட்பக்க ஓரத்தில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். உள்ளே கம்பி அடுக்கு பிரிந்துவிட்டது. வண்டி அதிகம் ஓடாததால் பட்டன் தேயவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலத்தான் இருந்தது. ஆனால் டயருக்கு வயது ஏழு. அன்று இரவு அதே டயரில் இரண்டு குழந்தைகளோடு மதுரை திரும்புவதாக இருந்தது. முன் டயர் இரண்டையும் மாற்றி, மறுநாள் காலை அனுப்பிவைத்தேன். மதுரை வரை ஸ்டீயரிங் அசையவே இல்லையாம்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். நான்கு டயரையும் உட்பக்கம் வரை கையால் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் 2319 என்பது போல நான்கு இலக்கம் இருக்கும். 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பஞ்சர் ஒட்டிய பிறகு நடுக்கம் தொடங்கியிருந்தால் முதலில் வீல் நட்டுகளைச் சரிபாருங்கள். நட்டு தளர்ந்திருந்தாலோ டயர் வீங்கியிருந்தாலோ வண்டியை நகர்த்தாதீர்கள். மற்றதற்கெல்லாம் பேலன்சிங்கில் தொடங்குங்கள், செலவு சில நூறு ரூபாய்தான். அதிலும் சரியாகவில்லை என்றால் ஜாக்கி போட்டு டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வேகத்தில், எதைச் செய்யும்போது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். நல்ல மெக்கானிக் அதை விரும்பிக் கேட்பார். காது கொடுக்காமல் பில் எழுதுபவரிடம் வண்டியை விட வேண்டாம்.

எல்லோரும் நலமாக ஊர் போய்ச் சேருங்கள்.