12,400 ÷ 900 = தப்பு!

ஒரு சின்னக் கணக்கு. டெல்லி ஏர்போர்ட்டுக்கும் சான்ஃப்ரான்சிஸ்கோ ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேர்த் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்குதுன்னு வெச்சுக்குங்க. எத்தனை மணி நேரம் ஆகும்? 'ஏறக்குறைய 14'னு சொல்லிட்டீங்களா? நானும் அப்படித்தான் பாஸ் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதுக்காக வருத்தப்படறேன்.

2024 ஜனவரி. நான் ஃபர்ஸ்ட் இயர். உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர்ல அப்பத்தா தவறிட்டாங்க. ராத்திரி 9 மணி. அக்கா இருக்கிற சான்ஃப்ரான்சிஸ்கோவுல அப்போ காலை 7.30. '11 மணி ஃப்ளைட்ல சீட் கிடைச்சிருச்சு. நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க'ன்னு போன்ல அழுதா. 'நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியேப்பா... எப்ப வந்து சேருவா?'ன்னு பெரியப்பா கேட்டார். உடனே வகுத்தேன். டெல்லிக்கு 14 மணி நேரம், மதுரைக்கு 3 மணி நேரம். 'நாளைக்கு சாயங்காலம் ஆறுக்குள்ள வந்துடுவா!'

ஆறு மணிக்கு எடுக்கறதுன்னு முடிவாச்சு.

எங்கே தப்பு பண்ணினேன்? ஒரு உலக உருண்டையில ரெண்டு ஊரையும் நூலால இணைச்சுப் பாருங்க. நூல் வட துருவத்துக்குப் பக்கத்துல போகும். அதுதான் 12,400. ஆனா, விமானம் நூல் பிடிச்ச மாதிரி பறக்காது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா 'ஜெட் ஸ்ட்ரீம்'னு ஒரு அசுரக் காத்து அடிக்குது. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா, டெல்லி - சான்ஃப்ரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுட்டு பசிபிக் வழியா அனுப்பிச்சு. அந்த வழி சுமார் 15,300 கிலோமீட்டர், பழைய வழியைவிட 1,400 அதிகம். ஆனா, பயண நேரம் 14.5 மணிதான். காத்து முதுகுல தள்ளினதால சுமார் 2 மணி நேரம் மிச்சம்! தூரம் ஜாஸ்தி, நேரம் கம்மி. இதை எந்த வகுத்தல் கணக்கு சொல்லும்?

அக்கா வந்த விமானம் டெல்லிக்கு எடுத்துக்கிட்டது 16 மணி நேரம். இறங்கும்போது மாலை நாலரை. அப்புறம் பாஸ்போர்ட் க்யூ, லக்கேஜ், சென்னைக்கு ராத்திரி ஃப்ளைட், அங்கிருந்து மதுரைக்குக் காலை ஃப்ளைட், கடைசியா கார். நான் கணக்குல சேர்க்காதது எல்லாம் இதுதான்.

ஆறு மணிக்கு அக்கா டெல்லியில பெட்டிக்காக நின்னுட்டிருந்தா. இங்கே சொந்தபந்தம் எல்லாம் கூடியாச்சு, இருட்டறதுக்குள்ள எடுத்தாகணும்னு எடுத்துட்டாங்க. மறுநாள் காலைல பால் தெளிக்கத்தான் அவ வந்து சேர்ந்தா. 'ஆறு மணின்னு யாருடா சொன்னது?'ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்லை. நான் சரியா சொல்லியிருந்தா, ஐஸ் பெட்டியில இன்னொரு ராத்திரி வெச்சிருப்பாங்க.

அதனால ஃப்ரெண்ட்ஸ், 'எப்ப வந்து சேருவாங்க?'ன்னு உங்க வீட்டுல யாராவது கேட்டா, கால்குலேட்டரைத் தொடாதீங்க. டிக்கெட்டுல போட்டிருக்கிற நேரத்தைப் பாருங்க. ஏர்போர்ட் வரைக்கும் இல்லை, வீட்டு வாசல் வரைக்கும் எண்ணிட்டுச் சொல்லுங்க.