ஒரே உருட்டில் சாவா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஃபிங்கர் ஆஃப் டெத்' மந்திரம் பட்டு, தடுப்பு உருட்டு தவறினால் ஆள் காலி. மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம்! ஆடியவர் மிச்ச ராத்திரி சிப்ஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2014 பதிப்பு அதை வெறும் பலத்த அடியாக்கியது. 7 எண்முகப் பகடை, கூட 30. தடுத்தால் பாதி.

'பவர் வேர்ட் கில்' மந்திரம் மட்டும் திருந்தவில்லை. உயிர்ப்புள்ளி 100-க்கு மேல் இல்லையென்றால் தடுப்பே கிடையாது, சாவுதான்.

எங்கள் மேசையில் அதற்கொரு வீட்டு விதி: ஆள் பூஜ்ஜியத்தில் விழுவார், சாவதற்கு வேண்டிய மூன்று தோல்வி உருட்டுகளில் இரண்டு அப்போதே விழுந்துவிடும். அடுத்த உருட்டு பத்துக்குக் கீழே போனால் போச்சு. "டேய், மந்திரவாதியை விடுடா, முதல்ல விழுந்தவளைப் பாரு!" என்று எல்லாரும் கத்துவார்கள். பயம் குறையவில்லை, என்னைக் கேட்டால் கூடியிருக்கிறது.

ஆளைக் கல்லாக்கும் பார்வைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குத்தான் மாற்று மந்திரம் இருக்கிறதே!