வெளியே தெரியாத காயம்

2012இல் ஒரு திருவிழா ராத்திரி. ஊர்த்தெரு வழியாக வண்டியை விட்டு இறங்காமல் போனேன் என்று உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். அடி விழுந்தது புருவத்தில். மயங்கிவிட்டேன். முழித்தபோது இடது கண்ணில் ஒரே இருட்டு. புருவத்தில் ரெண்டு தையல். கண்ணில் சிவப்புகூட இல்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் "கண்ணுல ஒண்ணுமில்ல, போடா" என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். சான்றிதழில் 'சாதாரண காயம்' என்று எழுதினார்கள். ஸ்டேஷனில், "கேசுக்காகக் குருட்டு வேஷம் போடுறியா?" என்று சிரித்தார்கள். அடியைவிட அந்தச் சிரிப்புதான் இன்னும் வலிக்கிறது.

மூன்றாம் நாள் அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டாக்டரம்மா டார்ச்சை வலது கண்ணில் அடித்தார், பாப்பா சுருங்கியது. அப்படியே இடது கண்ணுக்குத் திருப்பினார். வெளிச்சம் பட்டும் பாப்பா விரிந்தது. "இவரு நடிக்கலம்மா. கண்ணுப்பாப்பாவுக்கு நடிக்கத் தெரியாது" என்றார். புருவத்தில் பட்ட அடி எலும்பு வழியாகப் போய், பார்வை நரம்பு நுழையும் குறுகிய எலும்புக் குழாயில் இறங்கியிருக்கிறது. அந்த நரம்பில் சுமார் 12 லட்சம் இழைகள். அறுந்தவை மறுபடி முளைக்காது.

"ஆப்பரேசன் பண்ணுங்க தாயி, தோட்ட வித்துட்டு வந்துர்றேன்" என்றாள் அம்மா. டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சொன்னார். ஸ்டீராய்டு ஊசி, எலும்புக் குழாயைத் திறக்கும் அறுவை, எதுவும் செய்யாமல் கவனிப்பது என்று மூன்று வழி. 133 பேரை வைத்து 1999இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், முதல் ரெண்டும் மூன்றாவதைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. தலையில் அடிபட்ட 10,000 பேருக்கு மேல் பார்த்த 2004ஆம் வருஷத்துக் கிராஷ் ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களில் சாவு அதிகம். நானோ மயங்கி விழுந்தவன். ஸ்கேனில் எலும்புத் துண்டு எதுவும் நரம்பை அழுத்தவில்லை. சிலருக்குத் தானாகப் பார்வை திரும்புமாம். காத்திருந்தோம். எனக்குத் திரும்பவில்லை. அம்மாவின் தோடு மட்டும் காதிலேயே இருந்தது.

ஆறு மாதம் கழித்து டாக்டரம்மா மறு சான்றிதழ் எழுதினார். ஒரு கண் பார்வை நிரந்தரமாகப் போனால் இந்திய தண்டனைச் சட்டம் 320இன்படி அது கொடுங்காயம். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பிரிவை மாற்றவைத்தோம். நான் கொத்தனார். சாரத்தில் ஏறினால் தூரம் பிடிபடவில்லை. ஒரு கண் போனதற்கு ஊனம் 30 சதம். சலுகைக்கு 40 வேண்டுமாம்.

தோழர்களே, அடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், "கண் நல்லாருக்கு" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிவராதீர்கள். டார்ச் அடித்து ரெண்டு பாப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். கண் இறுகிப் பிதுங்கினால் குழிக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். அப்போது ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. 2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பெயர் மாறிவிட்டது. கொடுங்காயம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 116. ஸ்டேஷனில் சிரிப்பு மாறியதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். கையில் அந்தக் காகிதத்தோடு போங்கள்.