அப்பாவின் டீ கிளாஸ்

அந்த வீடியோ மொத்தமே 11 விநாடிதான். போடிமெட்டு டீக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கையில் டீ கிளாஸ். அதிலிருந்து ஆவி பறக்கிறது. பின்னால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வருகிறது.

அப்பாவோடு சேர்ந்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளலாம் என்று, எதிர் மேஜையில் இருந்த பன் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தாள் மகள். தன் டீயை வாங்கிக்கொண்டு அவள் வருவதற்குள் போன் சரிந்து விழுந்துவிட்டது. அவள் இல்லாத அந்த 11 விநாடிதான் மிஞ்சியது.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சாமி அறையில் மாலை போட்டிருக்கும் படம், ஏதோ அட்டைக்காக எடுத்ததைப் பெரிதாக்கியது. ‘அது அவரு மாதிரியே இல்ல’ என்பது அம்மாவின் தீராத குறை.

போடியிலிருந்து விடியும் முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் ஒன்றை 30 வருஷம் ஓட்டியவர் அவர். முந்தல் தாண்டி மலை ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கினால் பத்தடி முன்னால் தெரியாது. அந்தக் கையில்தான் 58 வயதில் நடுக்குவாதம் வந்தது. ஸ்டீயரிங்கை விட்டார். பிறகு விசேஷ வீடுகளில் டீ கொடுத்தால் ‘இப்பத்தான் குடிச்சேன்’ என்பார். யாராவது போட்டோ எடுத்தால் வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

வருஷத் திதிக்கு முன் அந்த வீடியோவை ‘சினிமாகிராஃப்’ ஆக்க நினைத்தாள் மகள். அசையாத புகைப்படத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் படம் அது. 2011-ல் நியூயார்க்கில் ஜேமி பெக், கெவின் பர்க் என்ற இருவர் இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரும் ‘கிம்ப்’ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் போதும்.

முதல் நிபந்தனை, கேமரா ஆடக்கூடாது. பன் பாட்டில் புண்ணியத்தில் அது தேறியது. 4 விநாடியை வெட்டியெடுத்து, விநாடிக்கு 15 வீதம் 60 படங்களாகப் பிரித்தாள். நல்ல படம் ஒன்றை அடியில் வைத்து, மற்றவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலே உள்ள ஒவ்வொரு படத்திலும் ஆவி இருக்கும் இடத்தை மட்டும் விட்டு, மற்றதை எல்லாம் அழித்தாள்.

முடிவும் தொடக்கமும் ஒட்டவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஆவி வெட்டி வெட்டி இழுத்தது. படங்களை முன்னும் பின்னுமாக ஓடவிட்டுப் பார்த்தாள். போன ஆவி திரும்பி கிளாஸுக்குள்ளேயே இறங்கியது! கடைசியில், முதல் 10 படங்களைத் தனியே எடுத்து, கடைசி 10 படங்களின் மேல் மங்கலில் தொடங்கிப் படிப்படியாக அடர்த்தி கூட்டி ஏற்றினாள். சுற்று 11-ம் படத்திலிருந்து தொடங்கியது. ஒட்டுப்போட்டது தெரியவில்லை. ‘ஜிஃப்’ கோப்பில் ஒரு படத்துக்கு 256 நிறம்தான் என்பதால் மூடுபனி பட்டை பட்டையாகத் தெரிந்தது. மலையை வெட்டிவிட்டு அப்பாவையும் கிளாஸையும் மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஆவி மட்டும் பறக்க, அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கையும் நடுங்கவில்லை.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். “ஏத்தா, கை ஏன் நிக்குது?”

“அப்பாவுக்கு அது தெரியறது பிடிக்காதேம்மா.”

“ஊர்க்காரங்களுக்குத் தெரியறதுதான் பிடிக்காது. எங்கிட்ட மறைச்சாரா? அரை கிளாஸ் டீயா ஊத்தி, கீழ கை குடுத்து நாலு வருஷம் குடிக்க வச்சிருக்கேன்.”

“இப்படியே இருக்கட்டும்மா. அப்பா கேட்டா இதைத்தான் வைக்கச் சொல்வாரு” என்றான் தம்பி. அவன் சொன்னதும் தப்பில்லை.

அன்று இரவு மறுபடியும் உட்கார்ந்தாள். இந்த முறை ஆவியோடு கிளாஸையும், சட்டைக்கை வரைக்கும் அப்பாவின் கையையும் அழிக்காமல் விட்டாள். கை அசையும்போது மணிக்கட்டில் கோடு தெரிந்தது. ஓரம் மென்மையான அழிப்பானால் 60 படங்களிலும் அதைச் சரிசெய்து முடிக்கும்போது மணி இரண்டு.

திதியன்று சொந்தக்காரர்கள் போனுக்கெல்லாம் போனது முதல் படம். ‘அண்ணன் கம்பீரமா இருக்காரு’ என்று சித்தப்பா பதில் போட்டிருந்தார்.

இரண்டாவது படம் அம்மாவின் போனில் மட்டும் இருக்கிறது. வேலையெல்லாம் முடிந்தபின் அம்மா அதைத் திறந்து வைத்துக்கொள்கிறார். கிளாஸ் லேசாக ஆடுகிறது, ஆவி பறக்கிறது. சில நேரம், போனுக்குக் கீழே அம்மாவின் இடது கை தானாக நீள்கிறது.