வெள்ளையடித்த வழக்கு

சில வழக்குகளில் நாம் வக்காலத்து போட்டிருக்க மாட்டோம். ஆனாலும் சொந்த வழக்கைப் போல மனதில் தங்கிவிடும். எனக்கு அப்படி ஒன்று, நியூயார்க்கின் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ வழக்கு.

குயின்ஸ் பகுதியில் ஒரு பழைய தண்ணீர் மீட்டர் தொழிற்சாலை. அதன் சுவர்களில் கிராஃபிட்டி வரைய உரிமையாளரே அனுமதித்திருந்தார். 2002 முதல் ஜோனதன் கோஹன் என்ற ஓவியர் பொறுப்பேற்று, யாருக்கு எந்தச் சுவர், எது நிலைக்க வேண்டும், எதன்மேல் புதிதாக வரையலாம் என்று முடிவு செய்தார். 7ஆம் எண் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போவார்கள்.

2013இல் அங்கே அடுக்குமாடி கட்ட உரிமையாளர் முடிவெடுத்தார். காட்சிக் கலைஞர்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஓவியர்கள் தடை கேட்டார்கள். நவம்பர் 12 அன்று நீதிபதி ஃபிரெடெரிக் பிளாக் மறுத்தார். விரிவான உத்தரவு பின்னால் வரும் என்றார். அது வருவதற்குள், 19ஆம் தேதி விடிவதற்கு முன்பே கிட்டத்தட்ட எல்லாச் சுவர்களுக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள். மலிவான பெயின்ட், ஒழுங்காகக்கூட அடிக்கவில்லை. அடியிலிருந்த ஓவியங்கள் அரைகுறையாகத் தெரிந்துகொண்டே இருந்தன. கட்டடத்தை இடித்ததோ 2014இல்தான். அத்தனை மாதங்களும் வரைந்தவர்கள் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

கட்டடம் இடிபடும் என்று தெரிந்துதானே வரைந்தார்கள், இவை தற்காலிகப் படைப்புகள்தானே என்பது பிரதிவாதியின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. தடை மறுத்த அதே பிளாக், 2018 பிப்ரவரியில் 45 ஓவியங்களுக்குத் தலா 1,50,000 டாலர் விதித்தார். 21 ஓவியர்களுக்கு மொத்தம் 67.5 லட்சம் டாலர். இடிக்கும் நாள்வரை உரிமையாளர் பொறுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பதையும் தீர்ப்பில் சொன்னார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 2005இல் சில நாட்களே நின்ற கிறிஸ்டோ, ஜீன் கிளாடின் ‘தி கேட்ஸ்’ படைப்பையும் அது எடுத்துக்காட்டியது. குறுகிய ஆயுள் இருந்தால் கலை குறைந்துவிடாது என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே பெரிய விஷயம்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் படைப்பாளியின் பக்கம் நிற்கிறது. விஞ்ஞான் பவன் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட வெண்கலச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு பெற்றார். இந்த இரண்டு தீர்ப்புகளையும் வைத்துக்கொண்டுதான், மூடிக் கிடந்த கிடங்கின் மதிலில் வரைந்த ஓவியத்தை இழந்த ஓர் இளைஞருக்காக நோட்டீஸ் தயாரிக்க உட்கார்ந்தேன். அவர் கையில் வாய்மொழி அனுமதி மட்டுமே. முழு ஓவியத்தின் புகைப்படம்கூட இல்லை. வழக்கு நோட்டீஸைத் தாண்டவில்லை.

சுவரில் வரையும் தம்பி தங்கைகளே, தூரிகையைத் தொடுமுன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அழிப்பதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேருங்கள். முடித்த அன்றே தேதியுடன் முழுச் சுவரையும் படம் எடுத்து வையுங்கள்.